தணிக்கைக்குத் தப்பாத கீசகவதம்

கோலாப்பூர் சமஸ்தானத்தில் 1890-ல் பிறந்த பாபுராவ் பெயின்டர், நாடக மேடைக்குத் திரைச்சீலை தீட்டியவர். முறையான ஓவியப் பயிற்சி பெறாதவர். திரைப்படக் கேமராவையும் உள்ளூரிலேயே உருவாக்கினார்.

1920-ல் வெளியான அவரது "சைரந்திரி' படத்தில், பீமன் கீசகனை வதைக்கும் காட்சி நிஜக் கொலையோ எனப் பார்வையாளர்கள் மிரளும் அளவுக்குத் தத்ரூபமாக அமைந்தது. ஆங்கிலேய அரசின் 1918-ம் ஆண்டுச் சட்டப்படி தணிக்கை வாரியங்கள் தோன்றிய காலம் அது. காட்சி வெட்டப்பட்டது. பாரதக் கதைக்கே அந்தக் கதி! ஆனால், திலகர் அவருக்கு "சினிமா கேசரி' என்று பட்டம் சூட்டினார்.

மாயக்காட்சிகளில் தேர்ந்த அவர், 1925-ல் "சாவ்காரி பாஷ்' படத்தில் ஒப்பனையற்ற வாழ்வைக் காட்டினார். வட்டிக்காரரிடம் நிலத்தைப் பறிகொடுத்து, நகர ஆலைக்கூலியாகும் விவசாயியின் கதை. விவசாயியாக நடித்தவர், பின்னாளில் இயக்குநராகப் புகழ்பெற்ற வி. சாந்தாராம். புராணப் படங்களில் திளைத்திருந்த ரசிகர்கள் அதை வரவேற்கவில்லை. அக்கதையையே 1936-ல் பேசும் படமாக மீண்டும் எடுத்த பாபுராவ், 1954-ல் மறைந்தார்.