வானம் பார்த்த பூமியும் விக்ரம் சாராபாயும்

விருதுநகர் மாவட்டத்தின் மல்லாங்கிணறு, வானம் பார்த்த பூமி. அம்மாவட்டத்தின் வறண்ட வானிலையே சிவகாசியில் பட்டாசுத் தொழில் வேரூன்றத் துணைநின்றது. அங்கு உருவாகும் ராக்கெட் வாணம், மருந்து எரியத் தேவையான ஆக்சிஜனை வெடியுப்பின் வடிவில் தன்னுள்ளேயே சுமந்து செல்கிறது. எரிந்த வாயு கீழ்நோக்கிப் பீறிட, குழல் மேல்நோக்கி உந்தப்படுகிறது. காற்றில்லாத விண்வெளியில் பெரிய ராக்கெட்டுகள் இயங்குவதும் இதே நியூட்டன் விதியால்தான். இக்கருவியை ஏழை நாட்டின் வளர்ச்சிக்குப் பயன்படுத்தலாம் என்று துணிந்தவர் விக்ரம் சாராபாய்.

1919 ஆகஸ்ட் 12 அன்று ஆமதாபாதில் ஆலை அதிபர் குடும்பத்தில் பிறந்தவர் அவர். கேம்பிரிட்ஜில் பயின்றவரை உலகப் போர் தாயகம் திரும்ப வைத்தது. பெங்களூரில் சர் சி.வி. ராமனின் வழிகாட்டுதலில் அண்டக் கதிர்களை ஆராய்ந்தார். 1947-இல் கேம்பிரிட்ஜில் முனைவர் பட்டம் பெற்று, அதே ஆண்டில் ஆமதாபாதில் இயற்பியல் ஆய்வுக்கூடத்தை நிறுவினார்.

1962-இல் அமைந்த விண்வெளி ஆய்வுக்கான தேசியக் குழுவுக்கு அவரே தலைவர். காந்தவியல் நிலநடுக்கோட்டை ஒட்டியிருந்ததால், திருவனந்தபுரம் அருகே தும்பா என்னும் மீனவச் சிற்றூரைத் தேர்ந்தெடுத்தார். மாதா கோயில் ஒன்று அலுவலகமாயிற்று. 1963 நவம்பர் 21 அன்று அங்கிருந்து ஏவப்பட்டது அமெரிக்க ராக்கெட். நான்கே ஆண்டுகளில், 75 மில்லிமீட்டர் விட்டமுள்ள ரோகிணி ராக்கெட்டை நாமே செலுத்தினோம்.

அந்நாளில் இந்தியா அமெரிக்கக் கோதுமைக்குக் கையேந்தி நின்றது. உணவில்லாத நாட்டுக்கு ராக்கெட் எதற்கு என்ற கேள்வி நியாயமானதே. சாராபாய் அதைப் புறந்தள்ளவில்லை. நிலவுக்குச் செல்லும் போட்டியில் வல்லரசுகளுடன் இறங்குவது நம் நோக்கமன்று; வானிலை, தகவல் தொடர்பு, கல்வி ஆகியவற்றுக்கே செயற்கைக்கோள் என்பது அவரது நிலைப்பாடு. பிந்தி வந்த நாடு, முந்தியவர்கள் கடந்த ஒவ்வொரு படியையும் மிதிக்க வேண்டியதில்லை என்னும் பொருளாதாரத் தெளிவு அதில் இருந்தது. 1969-இல் இஸ்ரோ பிறந்தது.

1971 டிசம்பர் 30 அன்று கோவளத்தில், 52 வயதில் அவர் காலமானார். அவர் காலத்தில் நாசாவுடன் செய்த ஒப்பந்தத்தின்படி, 1975-இல் செயற்கைக்கோள் வழியே 2,400 கிராமங்களுக்குக் கல்வித் தொலைக்காட்சி சென்றது. 1980-இல் எஸ்.எல்.வி-3, ரோகிணி செயற்கைக்கோளைச் சுற்றுப்பாதையில் சேர்த்தது. 1983-இல் இன்சாட்-1பி விண்ணிலிருந்து மேகங்களைப் படம்பிடித்தது. இவற்றுள் எதையும் அவர் பார்க்கவில்லை.

இன்று நிலவிலும் தடம் பதித்துவிட்டோம், அது பெருமிதத்திற்குரியது. ஆயினும் சாராபாய் விட்டுச்சென்ற அளவுகோல் வேறு. விதைப்பதா, காத்திருப்பதா என்று மல்லாங்கிணற்று மானாவாரி உழவர் முடிவெடுக்கும் நாளில், அவருடைய ஊருக்கான மழைக் கணிப்பு நம்பத்தக்கதாய், புரியும் மொழியில், உரிய நேரத்தில் அவர் கைக்கு வந்து சேர வேண்டும். ஒவ்வொரு ஏவுதலின் பயனையும் அங்கிருந்தே அளந்து பார்ப்பதுதான் அவருக்கு நாம் செலுத்தும் உண்மையான அஞ்சலி.