லின்னேயசு டிரைப்

லின்னேயசு டிரைப் (ஏப்ரல் 14, 1822 - மார்ச் 2, 1902) தென்னிந்தியாவையும் பர்மாவையும் ஒளிப்படங்களில் பதிவு செய்த ஆங்கிலேயப் படை அதிகாரி ஆவார். இவர் சென்னை மாகாண அரசின் ஒளிப்படக் கலைஞராகவும் பணியாற்றினார்.

வாழ்க்கைக் குறிப்பு

இவர் இங்கிலாந்தின் டெவன்போர்ட் நகரில் பிறந்தார். 1838 இல் கிழக்கிந்தியக் கம்பனியின் படையில் சேர்ந்தார். விடுமுறையில் தாயகம் திரும்பியிருந்தபோது ஒளிப்படக் கலையைப் பயின்று, 1853 இல் இலண்டன் ஒளிப்படச் சங்கத்தின் உறுப்பினரானார். பின்னர் இந்தியா திரும்பி, ஆளபீடு, பேலூர் கோயில்களைப் படமெடுத்தார். அப்படங்கள் 1855 இல் நடைபெற்ற சென்னைக் கண்காட்சியில் வைக்கப்பட்டன. அதே ஆண்டு பர்மா சென்ற அரசுத் தூதுக்குழுவிலும் இடம்பெற்றார். 1856 இல் சென்னை மாகாண அரசின் ஒளிப்படக் கலைஞராக நியமிக்கப்பட்டார்.

காகிதமும் கண்ணாடியும்

அக்காலத்தில் நெகடிவ் எடுக்க இரண்டு முறைகள் பெரிதும் வழங்கின. ஈரக் கொலோடியன் பூசிய கண்ணாடித் தகட்டில் நுண்ணிய விவரங்கள் தெளிவாகப் பதியும். ஆனால் தகடு கனமானது, எளிதில் உடையக்கூடியது. பூச்சு உலர்வதற்குள் படமெடுத்து, அவ்விடத்திலேயே கழுவவும் வேண்டும். மெழுகூட்டிய காகிதம் இலேசானது. அதை முன்கூட்டியே ஆயத்தம் செய்து எடுத்துச் செல்லலாம், கழுவுவதையும் தள்ளிப்போடலாம். எனினும் காகித இழைகளால் படத்தின் கூர்மை சற்றுக் குறையும்.

1857 திசம்பரில் தொடங்கிய சுற்றுப்பயணத்தில் டிரைப் சேலம் மாவட்டம், திருச்சிராப்பள்ளி, மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர் ஆகிய இடங்களுக்கு மாட்டு வண்டிகளில் சென்றார். பெரிய காட்சிகளுக்குக் காகிதத்தையும், இரட்டைப் பார்வைப் படங்களுக்குக் கண்ணாடியையும் பயன்படுத்தினார். படத்தைப் பெரிதாக்கி அச்சிடும் வசதி அன்று நடைமுறையில் இல்லாமையால், அச்சுப்படம் நெகடிவின் அளவிலேயே அமைந்தது. எனவே ஏறத்தாழ 12 அங்குல அகலமும் 15 அங்குல நீளமும் கொண்ட பெரிய காகிதங்களைக் கையாண்டார். இந்நெகடிவ்களில் வானம் வெறுமையாகப் பதிந்ததால் மேகங்களைக் கையால் தீட்டிச் சேர்த்தார். ஆகவே இவரது படங்களில் காணப்படும் மேகங்கள் எல்லாம் அன்றைய வானின் சான்றுகள் அல்ல.

தஞ்சைப் பெருவுடையார் கோயிலின் அடித்தளக் கல்வெட்டை 21 படங்களாக எடுத்து, ஏறத்தாழ 19 அடி நீளமுள்ள ஒரே தொடராக இணைத்தார்.

பணி நிறுத்தம்

1859 இல் ஆளுநராகப் பொறுப்பேற்ற சார்லசு டிரெவெல்யன் இப்பணியை வீண் ஆடம்பரச் செலவாகக் கருதி நிறுத்த ஆணையிட்டார். 1860 இல் பணி முடிவுற்றது. அதன்பின் டிரைப் ஒளிப்படத்துறையில் பெரிய அளவில் ஈடுபடவில்லை. படைப்பணியிலிருந்து ஓய்வு பெற்றபின் பிறந்த ஊரிலேயே வாழ்ந்து மறைந்தார்.

இன்றைய பயன்

கோயில்களும் கோட்டைகளும் பின்னர் அடைந்த மாற்றங்களை அறிய இப்படங்கள் உதவுகின்றன. டிரைப் எதிர்கொண்ட தெரிவு, பழைய படங்களைக் கணினியில் சேமிப்போர்க்கும் உண்டு. சுருக்கப்படாத டிஃப் கோப்பு மிகுந்த இடம் பிடிக்கும். ஆயினும் வருடியில் பதிந்த விவரம் எதையும் இழக்காது. ஜேபெக் கோப்பு சிறியது, இணையத்தில் அனுப்ப ஏற்றது. ஆனால் சுருக்கத்தில் நீங்கிய நுண்விவரங்களை அக்கோப்பிலிருந்து மீண்டும் பெற இயலாது. கல்வெட்டு எழுத்துகளைப் படிக்க விரும்பும் ஆய்வாளருக்கு இவ்வேறுபாடு முதன்மையானது. ஆகவே மூலப்படியைச் சுருக்காமல் காத்து, பார்வைக்கு மட்டும் சுருக்கிய படியை வழங்குவது நல்ல நடைமுறையாகும்.