ஆ சீயின் குத்தகைத் தோட்டம்

காணி விடயங்களை எழுதிவரும் எனக்கு, சான் ஆ சீயின் வாழ்க்கையில் முதலில் கண்ணில் பட்டது குத்தகைதான். தென்சீனாவின் குவாங்டொங்கில் 1851 அளவில் பிறந்தவர். நியூசிலாந்தின் ஒக்லாந்துக்கு வந்து, பார்னெல் மேட்டின் அடியிலிருந்த தாழ்நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து மரக்கறி பயிரிட்டார். பிறகு வியாபாரியாகவும் வளர்ந்தார்.

1881இல் அந்நாடு, வந்திறங்கும் சீனருக்குத் தலைக்கு 10 பவுண் வரி விதித்தது. 1896இல் அது 100 பவுணானது. வேறெந்த நாட்டவருக்கும் அந்த வரி இல்லை. ஆ சீ 1882இலேயே பிரஜாவுரிமை பெற்றுவிட்டார். 1886இல் மனைவியும் வந்து சேர்ந்தார். மற்றச் சீனத் தோட்டக்காரர் பலருக்கு அது வாய்க்கவில்லை. மனைவி ஊரில், கணவன் தோட்டத்தில் என்றே வயது போனது. இந்தப் பிரிவை எங்கள் வாசகருக்கு நான் விளக்கத் தேவையில்லை. 1908இலிருந்து சீனருக்குப் பிரஜாவுரிமையே மறுக்கப்பட்டது.

முதுமையில் சீனா திரும்பிய ஆ சீ 1930இல் இறந்தார். தலைவரிக்காக நியூசிலாந்து அரசு மன்னிப்புக் கேட்டது 2002இல்.

அவர் பயிரிட்ட நிலம் 1921இலேயே கார்லோ பார்க் என்ற றக்பி லீக் மைதானமாகிவிட்டது. மரக்கறிக்கு வாய்த்த ஈரம் விளையாட்டுக்கு ஒத்துவரவில்லை. சேற்றுக்குப் பேர்போன மைதானம் அது.