பேட்ரிக் கெடிஸ்

சர் பேட்ரிக் கெடிஸ் (அக்டோபர் 2, 1854 – ஏப்ரல் 17, 1932) ஸ்காட்லாந்தைச் சேர்ந்த உயிரியலாளர், தாவரவியல் பேராசிரியர், சமூகவியலாளர், நகரத் திட்டமிடலின் முன்னோடிகளுள் ஒருவர் ஆவார். நகரத்தில் வாழும் மாணவர்கள் தம் தெருவில் உள்ள மரம், செடி, நீர்நிலை ஆகியவற்றை முதலில் கண்ணால் கண்டு, பின் வரைந்து, அதன்பின் தம் கையாலேயே பேண வேண்டும் என்பது இவரது கல்விக் கொள்கை. இதனை எடின்பரோ நகரின் மிக நெரிசலான பகுதியில் இவர் செயற்படுத்திக் காட்டினார். 1914 முதல் 1924 வரையான காலத்தின் பெரும்பகுதியை இந்தியாவில் கழித்தார். மதுரை, தஞ்சாவூர் முதலிய நகரங்களை நடந்தே ஆராய்ந்து 1915 இல் அறிக்கைகள் எழுதினார். நகரத் திட்டமிடல் பாடநூல்களில் இவர் பெயர் தவறாது இடம்பெறும். ஆசிரியராக இவர் செய்த பணி அந்த அளவுக்குப் பேசப்படுவதில்லை.

இளமை

கெடிஸ் ஸ்காட்லாந்தின் அபர்தீன்சயரில் உள்ள பலட்டர் என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தை அலெக்சாண்டர் கெடிஸ் படைவீரர். தாய் ஜேனட் ஸ்டீவன்சன். இவர் குழந்தையாக இருந்தபோதே குடும்பம் பெர்த் நகரை அடுத்த கின்னூல் குன்றின் சரிவில் ஒரு குடிலுக்குக் குடிபெயர்ந்தது. படைப்பணியிலிருந்து ஓய்வு பெற்ற தந்தையே இவருக்கு முதல் ஆசிரியர். வீட்டுத் தோட்டத்தில் செடி வளர்க்கவும், குன்றுகளில் நடந்து பாறைகளையும் தாவரங்களையும் அடையாளம் காணவும் அவர் கற்றுக்கொடுத்தார்.

குன்றின் மேல் நின்றால் ஒருபுறம் மலைகளும், கீழே டே ஆறும் வயல்களும் நகரமும், தொலைவில் ஆறு கடலை நோக்கிச் செல்லும் திசையும் தெரியும். பிற்காலத்தில் இவர் வகுத்த பள்ளத்தாக்கு வெட்டுமுகம் என்னும் வரைபடத்துக்கு இக்காட்சியே வித்து எனலாம். மலையிலிருந்து கடல்வரை நிலம் எவ்வாறு மாறுகிறது, ஒவ்வொரு நிலத்துக்கும் உரிய தொழில் எது (சுரங்கத் தொழிலாளி, மரம் வெட்டுபவர், வேட்டுவர், ஆயர், உழவர், மீனவர்) என்பதை அப்படம் காட்டும். குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல் என்று நிலத்தையும் அதன் மக்களையும் தொழிலையும் சேர்த்தே படித்த தமிழ் மாணவர்க்கு இது புதுமையாகத் தோன்றாது.

கல்வியும் கண்நோயும்

சிறிது காலம் வங்கி ஒன்றில் பணியாற்றிய பின், 1874 இல் தாவரவியல் பயில எடின்பரோ பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். கற்பித்த முறை பிடிக்காமல் ஒரு வாரத்திலேயே வெளியேறினார். பின்னர் இலண்டன் சென்று உயிரியலாளர் தாமஸ் ஹக்ஸ்லியிடம் பயின்றார். பிரான்சிலும் ஆய்வுகள் செய்தார். ஆயினும் வாழ்நாளில் இவர் எந்தத் தேர்வும் எழுதிப் பட்டம் பெற்றதில்லை. பிற்காலத்தில் பேராசிரியராக விளங்கிய ஒருவர் பட்டமே பெறாதவர் என்பது குறிப்பிடத்தக்கது.

1879 இல் மெக்சிகோ நாட்டில் உயிரினச் சான்றுகளைத் திரட்டிக்கொண்டிருந்தபோது இவரது கண்பார்வை மங்கியது. வாரக்கணக்கில் இருட்டறையில் இருக்க நேர்ந்தது. நுண்ணோக்கியை நம்பி வாழும் இளம் ஆய்வாளருக்கு இதைவிடப் பெரிய இடி இராது. அந்நாட்களில் சன்னல் சட்டத்தின் கட்டங்களைக் கையால் தடவி, ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு கருத்தைப் பொருத்திச் சிந்திக்கப் பழகினார். பார்வை மீண்ட பின்னும் தாளைக் கட்டங்களாக மடித்துச் சிந்திக்கும் அப்பழக்கம் இறுதிவரை நீடித்தது. (கணினித் துறையினர் அன்றாடம் கையாளும் நிரை, நிரல் அட்டவணைகளே இவை.) நுண்ணோக்கிப் பணியைக் குறைத்துக்கொண்ட இவர், வெறுங்கண்ணால் காணக்கூடிய பெரிய உயிரி ஒன்றை ஆராயத் தொடங்கினார். அவ்வுயிரி நகரம்.

எடின்பரோவின் பழைய நகரம்

1886 இல் அன்னா மார்ட்டன் என்பவரை மணந்தார். செல்வர்கள் புதிய நகரத்துக்குச் சென்றுவிட, எடின்பரோவின் பழைய நகரம் அப்போது இடிந்த அடுக்கு வீடுகளும் கழிவுநீரும் நிறைந்த சேரியாக இருந்தது. மணமான இணையர் அங்கேயே, ஜேம்ஸ் கோர்ட் என்னும் முற்றத்தில், குடியேறினர். வெளியிலிருந்து அறிவுரை கூறாமல், அக்கம்பக்கத்தாருடன் சேர்ந்து துடைப்பமும் சுண்ணாம்பு வாளியும் எடுத்தனர். சன்னல்களில் பூந்தொட்டிகள் வைத்தனர்.

1887 இல் மாணவர் விடுதி ஒன்றைத் தொடங்கினார். அதில் காப்பாளர் கிடையாது. நிர்வாகம் முழுவதும் மாணவர் பொறுப்பு. அங்கு தங்கியோர் சுற்றுப்புறத்தைச் சீர்ப்படுத்துவதிலும் பங்கேற்க வேண்டும் என இவர் எதிர்பார்த்தார்.

இவ்விடத்தில் கலையின் பங்கைச் சிறிது விரிவாகக் கூற வேண்டும். கலை என்பது அருங்காட்சியகத்தில் பூட்டிவைக்கும் பொருளன்று என்பது கெடிஸின் துணிபு. இவர் 1880களில் நிறுவிய எடின்பரோ சமூகச் சங்கம், பொதுக் கட்டடங்களின் சுவர்களில் ஓவியம் தீட்ட ஓவியர்களை அமர்த்தியது. குழந்தைகள் மருத்துவமனை ஒன்றின் பிணவறைச் சிற்றாலயத்தில் பீபி அன்னா டிராக்கேர் தீட்டிய சுவரோவியங்கள் இவ்வாறு உருவானவையே. ஜான் டங்கன் என்னும் ஓவியர் விடுதியின் பொதுக்கூடச் சுவர்களை அலங்கரித்தார். 1895, 1896 ஆண்டுகளில் பருவத்துக்கு ஒன்றாக நான்கு இதழ்கள் வெளிவந்த எவர்கிரீன் என்னும் தொகுப்பில் உயிரியல் கட்டுரையும் கவிதையும் ஓவியமும் ஒரே அட்டைக்குள் இடம்பெற்றன.

எழுத்து, வாசிப்பு, கணக்கு என்ற மூன்றோடு பள்ளி நின்றுவிடுவதை இவர் கண்டித்தார். மனம், கை, தலை என்ற வரிசையே சரி என்றார். முதலில் வியப்பு, பிறகு வேலை, அதன் பிறகே கோட்பாடு. ஒரு இலையை வரைய முயலும் மாணவன் அதனை உண்மையில் பார்க்கிறான். செடியை நட்டு நீரூற்றுபவன் அதன் வாழ்வில் பங்கு கொள்கிறான். பாடநூல் விளக்கம் அதற்குப் பின் வந்தால்தான் ஒட்டும் என்பது இவர் வாதம். இன்றும் பெரும்பாலான பள்ளிகளில் இந்த வரிசை தலைகீழாகவே உள்ளது.

நோக்குக் கோபுரம்

1892 இல் எடின்பரோ கோட்டையை அடுத்த உயர்ந்த கட்டடம் ஒன்றை வாங்கி அதனை நோக்குக் கோபுரம் என்னும் கல்விக்கூடமாக மாற்றினார். அதன் உச்சியில் இருட்டறைப் படக்கருவி ஒன்று இருந்தது. ஆடியும் வில்லையும் நகரின் அசையும் உருவத்தை வெண்மேசை ஒன்றின்மேல் வீழ்த்தும். வந்தவர் முதலில் அதில் தம் ஊரைக் காண வேண்டும். பிறகு ஒவ்வொரு தளமாகக் கீழிறங்கினால் எடின்பரோ, ஸ்காட்லாந்து, ஆங்கிலம் பேசும் நாடுகள், ஐரோப்பா, இறுதியில் உலகம் என்று காட்சிகள் விரியும். உலகப்படத்தில் தொடங்காமல் சொந்தத் தெருவில் தொடங்குவது இதன் சிறப்பு.

1888 முதல் 1919 வரை டண்டீ பல்கலைக்கழகக் கல்லூரியில் தாவரவியல் பேராசிரியராகப் பணியாற்றினார். ஆண்டில் கோடைப் பருவம் மட்டுமே கற்பித்தால் போதும் என்ற ஏற்பாடு, மற்ற மாதங்களில் இவ்வேலைகளுக்கு இடமளித்தது.

சிறு தோட்டங்கள்

நோக்குக் கோபுரத்தைச் சார்ந்த திறந்தவெளிக் குழு 1908 அளவில் பழைய நகரத்தின் சந்துகளையும் முற்றங்களையும் அளந்தது. குப்பை கொட்டிக்கிடந்த 75 துண்டு நிலங்கள் கண்டறியப்பட்டன. எல்லாம் சேர்த்து ஏறத்தாழ 10 ஏக்கர். பெரும் பூங்காவுக்கு இடமில்லை என்று அனைவரும் கருதிய பகுதியில் இவ்வளவு நிலம் கண்முன்னே கிடந்தது. 1911க்குள் இவற்றுள் ஏறத்தாழ 10 இடங்கள் தோட்டங்களாயின.

பணியை முன்னின்று நடத்தியவர் கெடிஸின் மகள் நோரா ஆவார். தோட்டங்களை வடிவமைத்ததுடன் தன்னார்வலரையும் அவரே ஒருங்கிணைத்தார். அருகிலிருந்த பள்ளிகளின் குழந்தைகள் பாத்தி கட்டினர், விதைத்தனர், நீரூற்றினர். புகழ் தந்தைக்கே சென்றது. மண்வேலையின் பெரும்பகுதி மகளுடையது என்பதைப் பதிவு செய்வது நேர்மை.

தமிழகத்தில்

சென்னை மாகாண ஆளுநராக இருந்த பென்ட்லண்ட் பிரபு, ஸ்காட்லாந்தில் கெடிஸின் பணியை அறிந்தவர். அவரது அழைப்பின்பேரில் 1914 இல் கெடிஸ் மூத்த மகன் அலாஸ்டேருடன் இந்தியா புறப்பட்டார். பல ஆண்டுகள் சேகரித்த வரைபடங்களும் ஓவியங்களும் அடங்கிய நகரக் கண்காட்சி, கிளான் கிராண்ட் என்னும் வேறொரு கப்பலில் வந்தது. அக்கப்பலை 1914 அக்டோபரில் ஜெர்மானியப் போர்க்கப்பலான எம்டன் மூழ்கடித்தது. செப்டம்பர் 22 அன்று சென்னைத் துறைமுகத்தின்மேல் குண்டு வீசி, தமிழில் ஒரு சொல்லாகவே நிலைத்துவிட்ட அதே எம்டன்தான். நண்பர்கள் விரைந்து திரட்டி அனுப்பிய மாற்றுப் பொருட்களைக் கொண்டு, 1915 சனவரியில் சென்னைப் பல்கலைக்கழகப் பேரவை மண்டபத்தில் கண்காட்சி திறக்கப்பட்டது.

பின்னர் மாகாணத்தின் பல நகரங்களுக்குச் சென்றார். நெரிசலைக் குறைக்க நேர்கோட்டில் அகலச் சாலை வெட்டுவதே அக்காலப் பொறியாளர் வழக்கம். குறுக்கே நிற்கும் வீடு, கோயில், மரம், கிணறு யாவும் இடிபடும். கெடிஸ் தெருத்தெருவாக நடந்து, இவற்றை ஒவ்வொன்றாகக் குறித்த பின்னரே திட்டம் வரைந்தார். தஞ்சாவூரில், பாழடைந்த சில வீடுகளை மட்டும் அகற்றி, ஏற்கெனவே உள்ள சந்துகளை இணைத்து, இடையிடையே மரநிழலுள்ள சிறு வெளிகளை உருவாக்கலாம் என்றார். நகராட்சி மதிப்பிட்ட செலவில் ஒரு சிறு பகுதியே இதற்குப் போதும் என்று கணக்கிட்டும் காட்டினார். இம்முறையை அவர் அறுவை மருத்துவத்தோடு ஒப்பிட்டார்: நோயுற்ற சிறு பகுதியை மட்டும் நீக்கி, உடலைக் காப்பது.

கொசுவை ஒழிப்பதற்காகக் குளங்களைத் தூர்ப்பதையும் இவர் எதிர்த்தார். மீனும் வாத்தும் வளர்த்தால் கொசுப்புழுக்கள் உணவாகிவிடும், குளமும் பிழைக்கும் என்பது இந்த உயிரியலாளரின் விடை. வீட்டு முற்றத்தில் துளசி வளர்க்கும் வழக்கத்தை, தூய்மையான இல்லத்தின் அடையாளமாக மதித்தார்.

ஏறத்தாழ 50 இந்திய நகரங்களைப் பற்றி இவர் எழுதியுள்ளார். அவற்றுள் பல பரிந்துரைகள் தாளிலேயே நின்றுவிட்டன. சென்னை மாகாணத்தில் 1920 இல் நகரத் திட்டமிடல் சட்டம் வந்தது. அதே பத்தாண்டில் மாம்பலம் ஏரி வடிக்கப்பட்டுத் தியாகராய நகர் உருவானது. திட்டமிடல் என்ற சொல்லை ஏற்றவர்கள், குளத்தைப் பற்றிய அறிவுரையை ஏற்கவில்லை.

1917

இவ்வாண்டு கெடிஸின் வாழ்வில் கொடியது. டார்ஜிலிங்கில் ஜகதீச சந்திர போஸ், இரவீந்திரநாத் தாகூர் ஆகியோர் பங்கேற்ற கோடைக்காலக் கல்விக் கூட்டத்தை நடத்தத் திட்டமிட்டிருந்தார். ஏப்ரலில் அலாஸ்டேர் பிரான்சுப் போர்முனையில் கொல்லப்பட்டார். அப்போது அன்னா கடும் நோயுற்றிருந்ததால் மகன் இறந்த செய்தியை கெடிஸ் அவரிடம் மறைத்தார். சூன் மாதம் அன்னா கல்கத்தாவில் காலமானார். முப்பது ஆண்டுகள் எல்லாத் திட்டங்களிலும் கணக்கையும் குடும்பத்தையும் தாங்கியவர் அவர்.

அதே ஆண்டு கெடிஸ் இந்தோர் சமஸ்தானத்தில் பணியாற்றினார். நகரில் பிளேக் நோய் பரவியிருந்தது. மக்களும் புதிய திட்டக்காரரை ஐயத்துடனேயே பார்த்தனர். தீபாவளியை ஒட்டி, ஒரு நாள் மன்னராக இருக்க இவர் அனுமதி பெற்றார். ஊர்வலம் வழக்கமான வழியில் செல்லாது, வீடுகளை நன்கு சீர்ப்படுத்தி மரம் நட்ட தெருக்கள் வழியாகவே செல்லும் என்று அறிவித்தார். ஊர்வலம் தம் தெருவுக்கு வரவேண்டும் என்று மக்கள் போட்டியிட்டு வீடுகளைத் துப்புரவு செய்தனர். ஊர்வலத்தில் நோயைப் பரப்பும் மாபெரும் எலியின் உருவமும் கொசுவின் உருவமும் வந்தன. துப்புரவுப் பணியாளர்கள் வெண்ணிற ஆடையும் மலரும் அணிந்து மதிப்புடன் நடந்தனர். இறுதியில் எலி உருவம் எரிக்கப்பட்டது. துளசிச் செடிகள் ஆயிரக்கணக்கில் வழங்கப்பட்டன. கலையும் சுகாதாரமும் செடிவளர்ப்பும் ஒரே நாளில் இணைந்த இந்நிகழ்ச்சியே இவரது முறைக்குச் சிறந்த சான்று என்று கொள்ளலாம். இந்தோர் பற்றிய இவரது விரிவான அறிக்கை 1918 இல் இரு தொகுதிகளாக வெளிவந்தது.

பிற்காலம்

1919 இல் பம்பாய்ப் பல்கலைக்கழகத்தில் சமூகவியல், குடிமையியல் பேராசிரியரானார். பின்னாளில் புகழ்பெற்ற சமூகவியலாளர் கோ. ச. குர்யே இவரிடம் பயின்றவர். ஜகதீச சந்திர போசின் வாழ்க்கை வரலாற்றை 1920 இல் வெளியிட்டார். இளைய மகன் ஆர்தர், தாகூரின் சிறீநிகேதன் ஊரகப் பணியில் சில காலம் ஈடுபட்டார்.

கெடிஸிடம் குறைகளும் இருந்தன. தாடிக்குள் முணுமுணுப்பதுபோல் பேசுவார் என்று மாணவர் குறைபட்டதுண்டு. எழுத்து நடையும் கடினமானது. ஒரு பணியை முடிக்கும் முன் அடுத்ததற்குத் தாவிவிடுவார். 1915 இல் வெளிவந்த பரிணமிக்கும் நகரங்கள் என்னும் நூலே பரவலாக அறியப்பட்டது. இவரது கருத்துகளை உலகறியச் செய்தவர் அமெரிக்க எழுத்தாளர் லூயிஸ் மம்ஃபோர்டு.

உடல்நலம் குன்றியதால் 1924 இல் இந்தியாவை விட்டுச் சென்று, தெற்குப் பிரான்சின் மாண்ட்பெல்லியே நகரில் மாணவர்க்கான கல்லூரி ஒன்றைத் தோட்டத்தோடு அமைத்தார். 1925 இல் டெல் அவீவ் நகருக்குத் திட்டம் வகுத்தார். முன்பு மறுத்த சர் பட்டத்தை 1932 இல் ஏற்ற இவர், அவ்வாண்டே ஏப்ரல் 17 அன்று மாண்ட்பெல்லியேவில் காலமானார்.

இந்திய அறிக்கைகளிலிருந்து தேர்ந்தெடுத்த பகுதிகளை ஜாக்குலின் டிர்விட் தொகுத்து 1947 இல் நூலாக்கினார். நோக்குக் கோபுரம் இன்று சுற்றுலாப் பயணிகள் காணும் இடமாக உள்ளது. எடின்பரோ கோட்டையின் அடிவாரத்தில், ஜான்ஸ்டன் டெரஸ் சாலையை ஒட்டி, நோரா கெடிஸ் அமைத்த தோட்டம் ஸ்காட்லாந்து வனவுயிர் அறக்கட்டளையின் சிறிய காப்பிடங்களுள் ஒன்றாகப் பேணப்படுகிறது.