நூறு வேலை... ஒரே மனசு!

குன்றத்தூர்ல கம்பெனி பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது எத்தனை தடவை போனை எடுக்கிறீங்க? கவனம் நிக்கவே மாட்டேங்குதா? அப்போ செய்குத்தம்பிப் பாவலரைத் தெரிஞ்சுக்கோங்க.

1874-ல் நாகர்கோவில் இடலாக்குடியில் பிறந்தவர். 1907-ல் சென்னை விக்டோரியா ஹாலில் சதாவதானம் செய்தார். அதாவது, ஒரே சமயத்தில் நூறு விஷயங்களில் கவனம். வாய் இறைவன் பெயரைச் சொல்ல, கை சங்கிலியைக் கழற்றும். கூடவே சதுரங்கம், கணக்கு, கொடுத்த ஈற்றடிக்குப் பாட்டு. முதுகில் எறியும் நெல்லையும் எண்ணிச் சொல்லணும்! சீறாப்புராணத்துக்கு உரையும் எழுதிய அவர், 1950-ல் மறைந்தார்.

கவனமும் ஒரு பழக்கம்தான். ஐவேளை தொழுகிறவரா நீங்க? போனை ஓரமா வைக்க தினமும் அஞ்சு வாய்ப்பு ஏற்கெனவே கையில இருக்கு. நாளைக்கு ஃபஜ்ர் தொழுததும், இன்னும் பத்து நிமிஷம் அதைத் தொடாம இருந்து பாருங்க.