சிராப்பள்ளிக் குன்றில் குணபரன்

காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடையே அரங்கத் தீவு கிடக்க, தென்கரையில் தனித்து எழுந்து நிற்கிறது சிராப்பள்ளிக் குன்று. அரங்கம் என்றவுடன் அறிதுயில் கொண்ட திருமாலும், குன்று என்றவுடன் தாயுமானவரும் உச்சிப் பிள்ளையாரும் இன்று நினைவில் எழுவர். ஆயினும் கவுந்தியடிகளோடு வழிநடந்த கோவலனும் கண்ணகியும் அரங்கத்துச் சோலையில் சாரணர் அறவுரை கேட்டதாகவே சிலப்பதிகாரம் கூறுகிறது. சாரணர் அமர்ந்த கல்லிருக்கையை அங்கே இட்டவர்கள் புகார் நகரத்துச் சாவகர்கள். அடுத்த காதையிலேயே அதே அரங்கத்துத் திருமாலின் கிடந்த கோலத்தை ஒரு மறையவன் புகழ்கிறான். ஓர் ஆற்றிடைக்குறையில் இரண்டு சமயத்தாருக்கும் இடம் இருந்தது.

குன்றின் மேற்பகுதியில், பாறை முழையினுள், சமண முனிவர் துயின்ற கற்படுக்கைகள் உள்ளன. அங்குள்ள எழுத்துகளில் சிரா என்னும் பெயர் படிக்கப்பட்டுள்ளது. அது தவமிருந்த முனிவர் ஒருவரின் பெயர் என்றும், அவர் உறைந்த பள்ளியே ஊர்ப்பெயர் ஆயிற்று என்றும் அறிஞர் சிலர் கொள்வர். மூன்று தலை கொண்ட திரிசிரன் என்னும் அரக்கன் வழிபட்டதால் அப்பெயர் வந்தது என்பது கோயிற் புராணம். எதை ஏற்பினும், ஈற்றில் நிற்கும் பள்ளி என்னும் சொல்லுக்குப் படுக்கை என்றும் துறவோர் உறையுள் என்றும் பொருள் உண்டு என்பதை மறுப்பார் இல்லை.

இக்குன்றுக்கு ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரு மன்னன் வந்தான். காஞ்சியை ஆண்ட பல்லவன் முதலாம் மகேந்திரவர்மன். குணபரன் என்பது அவன் பூண்ட பெயர்களில் ஒன்று.

அவன் பிறந்த குடிக்கு அருகன் அறம் அயலானதன்று. அவனுடைய பாட்டன் சிம்மவர்மன், பருத்திக்குன்றத்து வச்சிரநந்தி ஆசிரியருக்கு அமண்சேர்க்கை என்னும் ஊரைப் பள்ளிச்சந்தமாக அளித்ததைப் பள்ளன்கோயில் செப்பேடு தெரிவிக்கிறது. அதற்கும் முன்னர், வேறொரு சிம்மவர்மன் ஆட்சியில், கி.பி. 458இல், சர்வநந்தி முனிவர் உலகின் அமைப்பை விளக்கும் உலோகவிபாகத்தைப் பாடலிகையில் எழுதி முடித்தார். இப்பாடலிகையே கடலூரை அடுத்த திருப்பாதிரிப்புலியூர். தந்தை சிம்மவிஷ்ணுவோ திருமால் அடியவன். ஒரே அரண்மனையில் தலைமுறைக்குத் தலைமுறை சமயம் மாறி நின்ற காலம் அது. ஆகவே இளமையில் மகேந்திரன் சமணம் சார்ந்திருந்தான் என்பதில் வியப்பு எதுவும் இல்லை.

அவன் பல்கலை வல்லவன். மத்தவிலாசன், விசித்திரசித்தன், சித்திரகாரப்புலி, சத்ருமல்லன், இலளிதாங்குரன் என அவன் சூடிய பெயர்கள் பல. அவற்றுள் சேத்தகாரி என்பது ஆருகதர் ஊன்றி நோக்க வேண்டியது. சைத்தியம் அமைப்பவன் என்பது அதன் பொருள். சமண பௌத்தத் திருவிடங்களுக்கு வழங்கிய சொல்லை, சிவனுக்கும் திருமாலுக்கும் இடம் அமைத்த மன்னன் தன் பெருமையாக ஏற்றான். அவன் இயற்றிய மத்தவிலாசம் என்னும் வடமொழி அங்கத நாடகத்தில் காபாலிகன், பாசுபதன், புத்தத் துறவி ஆகியோர் நகைப்புக்கு உள்ளாகின்றனர். சமணரைப் பற்றிய ஏளனமும் ஓரிடத்தில் உண்டு. ஆனால் அதைக் கூறுவது கள்ளுண்டு மயங்கிய காபாலிகனே என்பதை மறக்கலாகாது.

மன்னன் மனம் மாறிய வரலாற்றைப் பெரியபுராணம் விரித்துரைக்கிறது. திருவாமூரில் பிறந்த மருணீக்கியார் பாடலிபுத்திரத்துப் பள்ளியை அடைந்து, நூல்களைக் கற்றுத் தேர்ந்து, தருமசேனர் என்னும் பெயரோடு தலைமை பெற்றார். பின்னர்ச் சூலைநோயால் வருந்தித் தமக்கை திலகவதியாரிடம் திரும்பி, திருவதிகையில் சிவனடி சேர்ந்து திருநாவுக்கரசர் ஆனார். பள்ளியார் முறையிட, அரசன் அவரை நீற்றறையில் இடுவித்தான், நஞ்சு ஊட்டினான், யானையை ஏவினான், கல்லோடு பிணித்துக் கடலில் எறிவித்தான். யாவற்றிலும் அவர் பிழைத்தெழக் கண்டு மன்னனும் சைவன் ஆனான். பாடலிபுத்திரத்துப் பள்ளியை இடித்து, அதன் கல்லைக் கொண்டு திருவதிகையில் குணபரவீச்சரம் எழுப்பினான். இவ்வாறு அமைகிறது அந்த வரலாறு.

இதைக் கேட்கும் சமணக் குடும்பத்தார் உள்ளம் நோவது இயல்பு. ஓரறிவுயிருக்கும் ஊறு செய்யாத நோன்பினரைக் கொலைக்குத் தூண்டியோராகக் காட்டும் கதை அது. சேக்கிழார் பாடியது பன்னிரண்டாம் நூற்றாண்டில், நிகழ்ச்சிக்கு ஐந்நூறு ஆண்டுகள் கழித்து, வென்ற சமயத்தின் அவையில். மன்னனை அவர் காடவன் என்றே குறிக்கிறார். மகேந்திரன் என்ற பெயர் அங்கில்லை. குணபரவீச்சரம் என்னும் கோயிற்பெயரே இருவரையும் இணைக்கும் கண்ணி. ஆகவே அக்கொடுமைகளை அப்படியே வரலாறாகக் கொள்ளுதல் தகாது. மன்னன் மாறியதையே மறுத்தலும் தகாது. மாறியதற்குச் சான்று சிராப்பள்ளிக் குன்றிலேயே உள்ளது.

கற்படுக்கைகளுக்குக் கீழே, ஏறும் வழியில், இலளிதாங்குர பல்லவேசுவர கிருகம் என்னும் குடைவரையை அவன் அமைத்தான். கிழக்கே கருவறை. அதற்கு எதிரே மேற்குச் சுவரில், இறங்கிவரும் கங்கையைச் சடையில் ஏற்கும் கங்காதரர். அச்சிற்பத்தின் இருபுறத் தூண்களிலும் வடமொழிச் செய்யுள்கள் வெட்டப்பட்டுள்ளன. குணபரன் இலிங்க வழிபாடு உடையவனாய் இருக்க, மாற்று ஒழுக்கத்திலிருந்து திரும்பிய ஞானம் இவ்விலிங்கத்தால் உலகில் நிலவட்டும் என்பது ஒன்றின் கருத்து. நிலத்தில் அமைந்த கோயிலில் இருந்துகொண்டு சோழ நாட்டின் வளத்தையும் காவிரியையும் எவ்வாறு காண்பது என்று இறைவன் வினவியதாகவும், அதனால் அரசன் குன்றின்மேல் இடம் தந்ததாகவும் மற்றொன்று புனைகிறது. மாற்று ஒழுக்கம் எது என்று கல்வெட்டு பெயர் சுட்டவில்லை. அது சமணமே என்று ஹுல்ச் முதலிய ஆராய்ச்சியாளர் பெரியபுராணத்தைத் துணைக்கொண்டு கூறினர். பெயர் சொல்லாத அந்த அடக்கத்தில், விட்டு வந்த வீட்டைப் பழிக்காத ஒரு மனத்தைக் காண்பதும் பொருந்தும்.

செங்கல், மரம், உலோகம், சுதை இன்றி நான்முகன், ஈசன், திருமால் மூவர்க்கும் கோயில் கண்டதாக மண்டகப்பட்டுக் கல்வெட்டில் அவன் பெருமிதம் கொள்கிறான். அது புதுமையே. எனினும் வாழும் பாறையைத் தேடி அதில் இறைநினைவுக்கு இடம் செய்யும் வழக்கத்தைச் சித்தன்னவாசல் ஏழடிப்பட்டத்திலும் பிற குன்றுகளிலும் படுக்கை வெட்டிய கைகள் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே தமிழகத்துக்குக் கற்பித்திருந்தன. சித்தன்னவாசல் ஓவியங்களையும் மகேந்திரனுக்கே உரியவையாகப் பழைய நூல்கள் எழுதின. அங்கே அறிவர் கோயிலைப் புதுக்கியவர் ஒன்பதாம் நூற்றாண்டு மதுரை ஆசிரியர் இளங்கௌதமன் என்பது பின்னர்த் தெளிந்தது. பாறை மட்டுமன்று. பள்ளியில் கற்ற கல்வியும் சொல்லும் நாவுக்கரசரோடு சைவத்துக்குச் சென்றன. புதிய பக்தி நெறி, பழைய நெறியை எதிர்த்த வேளையிலும், அதன் மாணவராலேயே பேசிற்று.

மன்னனின் பிற்காலம் போரில் கழிந்தது. சாளுக்கியன் இரண்டாம் புலிகேசி காஞ்சி வரை வந்தான், காவிரியையும் கடந்தான். பல்லவன் காஞ்சி மதிலுக்குள் ஒடுங்கியதாக 634ஆம் ஆண்டு ஐகொளெக் கல்வெட்டு கூறுகிறது. அதைப் பாடிய இரவிகீர்த்தி ஒரு சமணப் புலவர். அது பொறிக்கப்பட்ட இடம் அவர் எழுப்பிய சினாலயம். புள்ளலூரில் மகேந்திரன் பகைவரை வென்றதாகப் பல்லவர் செப்பேடு கூறும். ஏறத்தாழ 630இல் அவன் மறைய, மகன் நரசிம்மவர்மன் பட்டம் எய்தினான்.

மன்னன் மாறியவுடன் மக்கள் மாறிவிடவில்லை. 640ஐ ஒட்டிக் காஞ்சிக்கு வந்த யுவான் சுவாங் அங்கே நிர்க்கந்தர் பெருந்தொகையினராய் இருந்ததைக் குறித்துச் சென்றார். பருத்திக்குன்றத்தில் வர்த்தமானர் வழிபாடு இன்றும் நடைபெறுகிறது.

திருநாவுக்கரசர் தம் தலப்பயணத்தில் அரங்கத் தீவின் ஆனைக்காவையும், எதிர்க்கரைக் குன்றையும் பாடினார். தருமசேனராய் ஒரு பள்ளியை விட்டு வெளியேறியவர், சிவனைத் தேடிவந்து பாடிய அக்குன்றின் பெயர் அவர் பாட்டிலும் சிராப்பள்ளியே.