இரமண மகரிஷிகள்

பாண்டிநாட்டுத் திருச்சுழியில் 1879 திசெம்பர் 30ஆந் தேதி பிறந்த வேங்கடராமன் மதுரையிற் கல்வி பயின்றவர். 1896 யூலையில், நோயேதுமின்றி இருந்த அம்மாணவரை மரணபயம் திடீரெனப் பற்றிற்று. அவர் மருத்துவரைத் தேடினாரல்லர். பிணம்போலக் கிடந்து, இறப்பது உடலோ தானோ எனத் தம்முள்ளே ஆராய்ந்தார். உடல் வேறு, தாம் வேறு எனத் தெளியவே அச்சம் அகன்றது.

பின்னர்ப் பாடத்தில் மனஞ் செல்லவில்லை. ஓகஸ்ட் 29இல், மும்முறை எழுதுமாறு தண்டனையாய் விதிக்கப்பட்ட ஆங்கில இலக்கணத்தை இடையில் நிறுத்தி எழுந்தார். தமையனாரின் கல்லூரிச் சம்பளத்துக்கென வாங்கிய 5 ரூபாவில் 3 ரூபாவை வழிச்செலவுக்கு எடுத்து, எஞ்சிய இரண்டையும் ஒரு கடிதத்தோடு வைத்துச் சென்றார். தமிழாசிரியர் எவரும் அக்கடிதத்தை எளிதிற் கடந்துபோகார். தன்மையொருமையில் நானெனத் தொடங்கியவர், சிறிது சென்றதும் தம்மை இதுவென அஃறிணையாற் சுட்டுகின்றார். ஈற்றிற் கையொப்பமும் இல்லை. இலக்கண வழுவன்று அது!

செப்டெம்பர் 1இல் திருவண்ணாமலை சேர்ந்தவர் பின்பு அதனை விட்டகன்றிலர். 1902இல் சிவப்பிரகாசம்பிள்ளை வினாவியபோது, மௌனத்திலிருந்தமையால் எழுதியே விடையளித்தார். எழும் எண்ணத்தின்பின் ஓடாது, அஃது யாருக்கு எழுந்ததென விசாரித்தால் மனம் தன் பிறப்பிடத்துக்கு மீளும். பழைய வாசனைகள் அலையலையாய் வரினும் விசாரணையைக் கைவிடலாகாது என்பது அவ்விடையின் சாரம். அதுவே நான் யார் என்னும் நூலாயிற்று.

இடக்கையிற் புற்றுக்கட்டி தோன்றி, 1949இல் பலமுறை சத்திரசிகிச்சை நடந்தது. அன்பர்கள் கலங்கினர், அவர் கலங்கவில்லை. 1950 ஏப்பிரல் 14ஆந் தேதி இரவு உடல் நீங்கினார்.